மார்கழித் தண்ணீரும் பன்னிரண்டு கிலோ ஈயமும்

டைவிங் படிக்கும் தம்பிகளே, உங்களோடு புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கையே,

நீங்கள் எழுதிக் கேட்டிருந்தது ஒரே ஒரு கேள்வி. நம்ம ஊர்த் தண்ணிக்கு, முங்கும்போது போடுற ரப்பர் வெட்சூட் மூணு எம்.எம். தடிமன் போதுமா, அஞ்சு வேணுமா? ஒரு வரியில் பதில் எழுதுங்கள் என்று வேறு போட்டிருக்கிறீர்கள். ஒரே ஒரு வார்த்தை சொல்லி ஒரு ஆளைச் சாகக் கொடுக்கப் பார்த்தவன் நான். அதனால் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையோடு இருக்கிற பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். வேதாரண்யம் பக்கத்துக் கடலில் பங்குனி முதல் புரட்டாசி வரை, அரை மணி நேர வேலைக்கு மூன்று போதும். ஒரே இடத்தில் நின்று ஒரு மணி நேரம் போல்ட் முடுக்க வேண்டுமென்றால் ஐந்து. ஒல்லியான ஆளுக்கு ஒரு கணக்கு, என்னைப் போல் தொப்பை வளர்த்தவனுக்கு வேறு கணக்கு. இதெல்லாம் நீங்கள் படிக்கிற புத்தகத்திலேயே இருக்கிறது. எனக்கும் அன்றைக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்துகொண்டே செய்ததைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு கழக ஆட்சி போய் இன்னொரு கழக ஆட்சி வந்திருந்த சமயம். கூலிக்கும் குத்தகைக்கும் நிலத்துக்கும் எங்கள் ஜில்லாவில் அடிதடி நடந்து ஓய்ந்தும் ஓயாமல் இருந்த வருடங்கள். நான் ஒரு காண்ட்ராக்டரிடம் டைவிங் மேஸ்திரியாக இருந்தேன். வேதாரண்யத்துக் கடற்கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன். என் குழுவில் இரண்டே பேர். கயிறு பிடிக்க என் மாமா முறை கலியபெருமாள். தண்ணீரில் இறங்க முருகையன். முருகையன் கடற்கரைப் பையன் இல்லை. மன்னார்குடிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் கூலித் தெருவில் பிறந்தவன். வாய்க்காலில் நீந்திக் கற்றுக்கொண்டவன், மீன் தோற்கும். அளந்து பேசுகிறவன், சொன்னதைச் செய்கிறவன். அந்த இரண்டாவது குணத்தை நான் பெரிய குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மார்கழியில் மழை பொய்த்துவிட்டது. சம்பாக் கதிர் பால் பிடிக்கிற நேரம், கடைசித் தண்ணீர் ஒன்று பாய்ந்தால்தான் நெல், இல்லாவிட்டால் வெறும் பதர். முருகையன் ஊருக்கு மேலே ஆற்றின் குறுக்கே கதவுகள் வைத்த ஒரு சட்ரஸ் இருந்தது. அதில் கடைமடைக்குத் தண்ணீர் விடுகிற நடுக்கதவு மாட்டிக்கொண்டு தூக்க வரவில்லை. மேலே தண்ணீர் தளும்பி நின்றது. கீழே கடைமடையில் நிலம் வெடித்துக் கிடந்தது. அந்தக் கடைமடை நிலங்களில் பாதி, நில உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்துக் கூலி ஆட்களுக்குப் பட்டா கொடுத்தவை. முருகையனின் அம்மா பாக்கியத்துக்கு அதில் ஒரு ஏக்கர். அந்தக் குடும்பத்தில் சொந்த நிலத்தில் போட்ட முதல் பயிர் அது.

கதவுக்கு அடியில் மேல்கரை நிலக்காரர்கள் தண்ணீரைத் தங்களுக்கே நிறுத்திக்கொள்ள வேண்டுமென்றே எதையோ செருகிவிட்டார்கள் என்று கடைமடையில் பேச்சு. கதவைத் திருட்டுத்தனமாகத் திறக்கப் போய்க் கடைமடைக்காரர்கள்தான் உடைத்துவிட்டார்கள் என்று மேல்கரையில் பேச்சு. இரண்டு கரையிலும் ஆள் கூடிவிட்டது. பொதுப்பணி இன்ஜினியர் பயந்துபோய், கடலில் வேலையாக இருந்த எங்களுக்கு ஆள் அனுப்பினார். கடல் சாமான்களை அப்படியே லாரியில் ஏற்றிக்கொண்டு விடிகாலையில் போய்ச் சேர்ந்தோம். அப்படியே என்று சொன்னேன் பாருங்கள், முதல் தப்பு அங்கேயே தொடங்கிவிட்டது. இரண்டாவது ஆளுக்கான காற்றுச் சிலிண்டர் செட் படகிலேயே கிடந்தது. ஒரு கதவுதானே, ஒரு செட் போதும் என்று வந்துவிட்டேன்.

ஒன்றே ஒன்றில் மட்டும் எனக்கு அறிவு வேலை செய்தது. கதவைத் தூக்குகிற இரும்புக் கைப்பிடியை, கதவைப் பார்த்துக்கொள்கிற லஸ்கரிடமிருந்து வாங்கி என் காலடியில் போட்டுக்கொண்டேன். ஆள் உள்ளே இருக்கும்போது கதவு ஒரு சாண் உயர்ந்தாலும் தண்ணீர் அவனை அந்த இடுக்கில் இழுத்துச் சொருகிவிடும்.

முருகையன் ஐந்து எம்.எம். முழு சூட்டை மாட்டிக்கொண்டு நின்றான். அப்போதுதான் மேல்கரை மிராசுதார் படியில் இறங்கி ஆற்றில் கைவைத்துப் பார்த்தார். மார்கழிக் காலையில் காற்று சில்லென்று இருக்கும். ஆற்றில் கைவிட்டால் வெதுவெதுப்பாகத் தெரியும். நம் பக்கத்தில் விடியலில் குளிக்கிற எல்லோருக்கும் இது பழக்கம்.

"வெந்நி மாரி இருக்குப்பா" என்றார் அவர். "எங்க காலத்துல கோவணத்தோட முங்கி இந்தக் கதவைத் தூக்கியிருக்கானுவ. பாக்கியம் மவனுக்கு ரப்பர் சட்டை கேக்குதா?"

மேல்கரை சிரித்தது. இன்ஜினியரும் குனிந்துகொண்டு சிரித்தார். கடைமடைப் பக்கமும் நாலைந்து பேர் சிரித்தார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இருபது வருஷம் கடலில் கிடந்த மேஸ்திரியை, குளிருக்குப் பயந்தவன் என்று ஆற்றங்கரையில் நின்று சிரிக்கிறார்களே என்று எனக்குச் சுருக்கென்றது. மிராசுதார் சிரித்தது முருகையனைப் பார்த்து. ரோஷம் வந்தது எனக்கு. நானும் தண்ணீரில் கைவைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

"கழட்டிடுடா முருகையா" என்றேன்.

அவன் என்னை ஒருமுறை பார்த்தான். கழற்றிவிட்டான்.

இனி கவனமாகப் படியுங்கள். வெட்சூட் என்பது சட்டை மட்டும் இல்லை. அந்த ரப்பர் உங்களைத் தூக்கி மிதக்க வைக்கிறது. அந்த மிதப்பை அடக்கத்தான் இடுப்பில் ஈயம் கட்டுகிறோம். எவ்வளவு தடிமனோ அவ்வளவு ஈயம். உப்புத் தண்ணீருக்கு இன்னும் கொஞ்சம், ஆற்றுத் தண்ணீருக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் பெல்ட்டில் இருந்தது ஐந்து எம்.எம். சூட்டுக்கும் கடலுக்கும் கட்டிய பன்னிரண்டு கிலோ. சூட்டைக் கழற்றச் சொன்னவன் ஈயத்தையும் கழற்றச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவன் தண்ணீருக்குள் போய்விட வேண்டும் என்ற அவசரம்தான் எனக்கு.

அதோடு நிற்கவில்லை. சூட்டின் மேல் இறுக்கிக் கட்டுகிற பெல்ட், வெறும் இடுப்பில் தொளதொளவென்று நின்றது. சுருக்கினால் ஈயக்கட்டி வந்து பக்கிளுக்கடியில் இடித்தது, பக்கிள் மூடவில்லை. ஒரே இழுப்பில் கழன்று விழுவதற்கென்று வைத்திருக்கிற பக்கிள் அது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு முழம் நைலான் கயிறு எடுத்து, வலைக்குப் போடுகிற முடிச்சாகப் போட்டுக் கட்டிவிட்டேன். நனைந்தால் இறுகும் முடிச்சு. எங்கள் கடற்கரையில் பக்கிளை யாரும் நம்ப மாட்டார்கள், முடிச்சைத்தான் நம்புவார்கள். என் முடிச்சு அவிழாது என்று எனக்குப் பெருமை உண்டு.

முருகையன் இறங்கினான். இரண்டு ஆள் ஆழம். அவன் உடம்பில் கட்டிய கயிறு ஒருமுறை இழுபட்டால் நலம், மூன்றுமுறை இழுபட்டால் தூக்கு. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஒற்றை இழுப்பு வந்துகொண்டிருந்தது. மாமா கயிற்றைப் பிடித்திருந்தார். அரை மணி நேரம் தாண்டியது. கரையில் ஆட்கள் பீடி பற்றவைத்துக்கொண்டு நியாயம் பேசினார்கள். பிறகு மூன்று இழுப்பு வந்தது.

நானும் மாமாவும் சேர்ந்து இழுத்தோம். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தோம். கயிறு விறைத்து நின்றதே தவிர ஆள் அசையவில்லை. மறுபடியும் மூன்று இழுப்பு வந்தது, முதலில் வந்ததைவிடத் தளர்வாக. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை.

"என்னடா, கயிறு செத்துப்போச்சு" என்றார் மாமா.

அந்த விநாடியில்தான், தம்பிகளே, பன்னிரண்டு கிலோ எனக்கு ஞாபகம் வந்தது. அதுவரைக்கும் வரவில்லை. பாக்கியம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சட்ரஸ் பாலத்தின் மேல் வந்து நின்றதைப் பார்த்தேன். மாட்டுக்குப் புல் அறுக்கப் போன இடத்திலிருந்து வந்திருந்தார், கையில் கருக்கரிவாள். "இந்தக் கைப்பிடியை எவனும் தொடக் கூடாது" என்று பொதுவாகக் கத்திவிட்டுக் குதித்தேன்.

கலங்கல் தண்ணீர், கண் தெரியாது. கயிற்றைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். முகத்தில் காற்றுக் குமிழி வந்து மோதியது. மூச்சு இருக்கிறது என்று தெரிந்தது. கையால் தடவிப் பார்த்தேன். தொடை வரைக்கும் சேற்றுக்குள் நின்றுகொண்டிருந்தான். கதவுக்கடியில் ஒரு பெரிய பனந்துண்டு மாட்டியிருந்தது. அதை அசைக்க அவன் ஒவ்வொரு முறை முயன்றபோதும் அந்த ஈயக் கனம் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேற்றில் இறக்கியிருக்கிறது. அவன் கயிறு அந்தப் பனந்துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் மேலே நின்று இழுத்ததெல்லாம் அவனை மேலே தூக்கவில்லை, கதவோடு சேர்த்து நசுக்கியிருக்கிறது.

அவன் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. பயந்தவன் கட்டிப்பிடிப்பான். இவன் என் கையைத் தேடி எடுத்து, தன் இடுப்பில் இருந்த முடிச்சின் மேல் வைத்தான்.

என் முடிச்சு. அதைச் சுற்றிலும் அவன் நகத்தால் கீறிக் கீறிக் கயிறு நார்நாராக எழும்பியிருந்தது. நானும் இழுத்துப் பார்த்தேன், நெம்பிப் பார்த்தேன். அவிழவில்லை. அவன் காலில் கட்டியிருந்த கத்தியைத் தேடிச் சேற்றுக்குள் கைவிட்டேன். காலில் உறையும் இல்லை, கத்தியும் இல்லை. அந்த வாரும் சூட்டின் தடிமனுக்கு அளவெடுத்தது. வெறுங்காலில் நழுவிச் சேற்றோடு போய்விட்டது. எனக்கு மூச்சு முட்டியது. அவனை அப்படியே விட்டுவிட்டு மேலே வந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவன் கை தானாகவே என்னை விட்டது.

"கத்தி, கத்தி" என்றேன். இரண்டு கரையிலும் அத்தனை பேர் நின்றார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் ஓடவில்லை. பாக்கியம் குனிந்து அரிவாளைப் பிடிப்பக்கமாக நீட்டினார்.

"இந்தாங்க" என்றார்.

கருக்கரிவாளின் பல் நைலானை நறுநறுவென்று அறுத்தது. அவன் விலாவிலும் ஒரு கோடு இழுத்துவிட்டது. ஈயம் விழுந்தது. பனந்துண்டிலிருந்து கயிற்றைப் பிரித்துவிட்டு அவன் அக்குளுக்கடியில் கைகொடுத்து நெம்பினேன். சேறு அவனை ஒரு சத்தத்தோடு விட்டது.

நான் தண்ணீருக்குள் இருந்தபோது பாலத்தின் மேல் நடந்ததை மாமா பிறகுதான் சொன்னார். கடைமடைப் பையன்கள் இரண்டு பேர் கைப்பிடியை எடுக்கப் பாய்ந்திருக்கிறார்கள். கதவைத் தூக்கினால் தண்ணீர் வேகத்தில் முருகையனும் வெளியே வந்துவிடுவான் என்று ஒருவன் நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறான். பாக்கியம் அந்தக் கைப்பிடியின் மேல் உட்கார்ந்துகொண்டாராம்.

"அந்த அய்யா தொடக் கூடாதுன்னாரு. எம் புள்ள வர்ற வரைக்கும் பயிரு காயட்டும்" என்றாராம். அந்தப் பயிரில் அவருடைய ஒரு ஏக்கரும் சேர்த்தி. அந்தக் கைப்பிடி ஒரு சுற்று சுற்றியிருந்தால் நாங்கள் இரண்டு பேரும் கதவுக்கடியில் போயிருப்போம்.

முருகையனைக் கரையில் கிடத்தினோம். உதடு நீலமாக இருந்தது. விரல்கள் மடங்கி, நீட்ட வரவில்லை. பல் அடித்துக்கொண்டது.

"பயத்துல நடுங்குறான்" என்றார் மிராசுதார். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை.

"முருகையா, உம் பேரு என்னடா?" என்று கேட்டேன். வாய் குழறியது. இரண்டாவது முறை கேட்டதற்கு அவன் அம்மா பெயரைச் சொன்னான். குளிரில் மூளை மந்தித்துவிட்டது. வெந்நீர் என்று எல்லோரும் கைவைத்துப் பார்த்துச் சொன்ன அதே தண்ணீர், முக்கால் மணி நேரத்தில் அவன் உடம்புச் சூட்டை உறிஞ்சி எடுத்துவிட்டது. நம் உடம்பைவிடக் குளிர்ந்த எந்தத் தண்ணீரும் நம்மைத் தின்றுகொண்டேதான் இருக்கும், எவ்வளவு நேரத்தில் என்பதுதான் கேள்வி. டைவிங் வகுப்பில் கேட்டபோது எனக்கு அது ஒரு வரி. அன்றைக்கு அது என் மடியில் கிடந்து நடுங்கியது. இரண்டு கரையிலிருந்தும் வெறும் சாக்குகளைக் கொண்டுவந்து அவன் மேல் போட்டார்கள். இன்ஜினியரின் ஜீப்பில் மன்னார்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

மறுநாள் நானே ஐந்து எம்.எம். சூட் போட்டு, கரையோரத்திலேயே இறங்கி மிதந்து பார்த்து ஈயத்தைக் குறைத்து, பனந்துண்டை அறுத்து எடுத்தேன். யாரும் செருகியது இல்லை. ஆறு அடித்துக்கொண்டு வந்தது. தண்ணீர் கடைமடைக்குப் போயிற்று. அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

முருகையன் தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். தண்ணீர் போய்விட்டதைச் சொன்னேன். தலையாட்டினான். எனக்கு ஒன்று கேட்டே ஆகவேண்டியிருந்தது.

"சூட்டைக் கழட்டினா ஈயம் ஜாஸ்தின்னு உனக்குத் தெரியலயாடா?"

"தெரிஞ்சுதுண்ணே."

"எப்ப?"

"நீங்க கட்டும்போதே தெரிஞ்சுது. முடிச்சுப் போடயிலயும் இது அவுராதுன்னு தெரிஞ்சுது."

நான் திடுக்கிட்டுப்போய் அவனையே பார்த்தேன். "அப்பறம் ஏண்டா வாயத் தொறக்கல?"

கஞ்சித் தம்ளரைக் கீழே வைத்தான்.

"அந்தக் கரையில அவுங்க எதிர்ல நின்னுகிட்டு எங்க தெரு ஆளு யாரும் மாத்திப் பேசுனது கெடையாதுண்ணே. எங்கப்பாவும் பேசுனதில்ல. நீங்க சொல்லிட்டீங்க. பேசணும்னுதான் இருந்துச்சு. வாய் வரல."

என் சொல்லை அவன் தொழில் தெரிந்தவனாகக் கேட்டான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அன்றைக்கு அந்தக் கரையில் அவனுக்கு நானும் இன்னொரு மிராசுதாராக நின்றிருக்கிறேன். என் அப்பன் பாட்டன் யாரும் ஒரு குழி நிலம் வைத்திருந்ததில்லை. நான் அப்படி இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த அதிர்ச்சி, தண்ணீருக்குள் முடிச்சைத் தொட்டபோது வந்ததைவிடப் பெரியது. இன்னும் முழுதாக இறங்கவில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். எத்தனை எம்.எம். என்று மேஸ்திரியைக் கேட்காதீர்கள், கரையில் நிற்கிறவர்களைக் கேட்கவே கேட்காதீர்கள். இறங்குகிறவர் சொல்லட்டும். அவர் சொன்னதற்கு ஏற்ப ஈயம், பெல்ட், கத்தி வார் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் மறுபடி அளவு பாருங்கள். சூட்டை மாற்றினால் எல்லாமே மாறும். அவர் பேசாமல் நின்றால், சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் வாயிலிருந்து வரும்வரை காத்திருங்கள், வேலை கெட்டால் கெடட்டும்.

முருகையன் சித்திரையில் வேலைக்குத் திரும்பினான். கடலில் ஒரு ஜெட்டித் தூண் பார்க்கும் வேலை. படகில் மூன்று எம்.எம். சூட்டையும் ஐந்து எம்.எம். சூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன்.

"நீ சொல்லு" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான், மாமாவின் முகத்தைப் பார்த்தான். நாங்கள் இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெகுநேரம் கழித்து, "அஞ்சுண்ணே" என்றான். அந்த வெயிலுக்கும் அந்தத் தண்ணீருக்கும் ஐந்து அதிகம். என் நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, ஐந்தையே எடுத்துக் கொடுத்தேன். ஈயத்தை அவனே எண்ணிக் கோத்தான். நான் அதில் கைவைக்கவில்லை.

அரை மணி நேரத்தில் மேலே வந்தான். முகம் சிவந்து, வேர்த்துக் கொட்டியது. மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, நேராக என்னைப் பார்த்து, சத்தமாகவே சொன்னான்.

"அண்ணே, நான் சொன்னது தப்பு. அஞ்சு ஆவாது. நாளைக்கு மூணுதான். இன்னிக்கு மறுபடியும் எறங்க மாட்டேன்."

கலியபெருமாள் மாமா கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். நான் படகைக் கரைக்குத் திருப்பினேன்.